பச்சையாய் ஒளிர்வதெல்லாம் நோயா?

எண்டோமெட்ரியோசிஸ் அறுவை சிகிச்சையில் பயன்படும் ஒளிர்சாயக் கேமரா பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மகளிர் நோய் லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை நிபுணர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் மகளுக்கு 26 வயது. வயதுக்கு வந்த இரண்டாம் வருஷத்திலிருந்தே மாதவிலக்கு நாட்களில் சுருண்டு படுத்துவிடுவாள். "எல்லாப் பொண்ணுக்கும் இருக்கிறதுதான்" என்று சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தே பத்து வருஷம் ஓட்டிவிட்டோம். இரண்டு வருஷத்துக்கு முன் லேப்ராஸ்கோப்பி செய்து எண்டோமெட்ரியோசிஸ் என்றார்கள். தெரிந்த இடங்களையெல்லாம் எரித்துவிட்டதாகவும் சொன்னார்கள். ஒரு வருஷம் நன்றாக இருந்தாள், இப்போது பழையபடி வலி. வேறொரு மருத்துவமனையில், "எங்களிடம் பச்சை விளக்குக் கேமரா இருக்கிறது. ஊசி போட்டால் நோய் இருக்கும் இடம் மட்டும் பளிச்சென்று தெரியும், மிச்சமில்லாமல் எடுத்துவிடலாம்" என்கிறார்கள். நம்பலாமா டாக்டர்?
ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அம்மா, அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. ஊசியும் கேமராவும் பச்சை வெளிச்சமும் நிஜம். 'நோய் இருக்கும் இடம் மட்டும்' என்பதும் 'மிச்சமில்லாமல்' என்பதும் விற்பனைப் பேச்சு. எது எங்கே பிரிகிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு வந்த கடிதங்கள் நிறைய.

கருப்பைக்குள் மாதாமாதம் வளர்ந்து உதிரும் சவ்வு இருக்கிறதே, அதைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே ஒட்டிக்கொண்டு வளர்வதுதான் இந்த நோய். சினைப்பையில் வரும், கருப்பைக்குப் பின்னால் மலக்குடலைத் தொடும் பள்ளத்தில் வரும், கருப்பையைத் தாங்கும் நாண்களில் வரும், சிறுநீர்ப்பையிலும் குடலிலும்கூட வரும். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு, உலகம் முழுவதும் ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. கஷாயத்தில் ஓடிய பத்து வருஷத்தை நினைத்து உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். வசதியான நாடுகளிலும் முதல் வலிக்கும் நோயின் பெயர் தெரிவதற்கும் நடுவே ஏழெட்டு வருஷம் போவது சாதாரணம்.

வயிற்றுக்குள் கேமராவை விட்டுப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். தெரியாது. இந்தத் திட்டுகள் ஒரே முகத்தோடு இருப்பதில்லை. பாடப்புத்தகத்தில் இருக்கும் கறுப்புப் புள்ளியை யாரும் தவறவிட மாட்டார்கள். சிவப்புத் திட்டு, வெள்ளைத் தழும்பு, நிறமே இல்லாத நுண்ணிய கொப்புளம் என்று மற்ற வடிவங்களும் அதே நோய்தான். இளம் பெண்களிடம் நிறமில்லாதவையும் சிவப்பும் கூடுதலாக இருக்கும், வயது ஏற ஏறத்தான் கறுப்பு மிகும் என்று அமெரிக்க மருத்துவர் டேவிட் ரெட்வைன் 1987இலேயே எழுதினார். உங்கள் மகளுக்கு முதல் லேப்ராஸ்கோப்பி நடந்தது 24 வயதில். கண்ணுக்கு எளிதில் தப்புகிற வகை அந்த வயதில் இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மேற்பரப்பில் ஒரு சுருக்கத்தை மட்டும் காட்டிவிட்டு அடியில் ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் என்று புதைந்து கிடக்கும் முடிச்சுகளும் உண்டு. அவற்றைக் கண்ணைவிடக் கருவியின் நுனியால் அழுத்திப் பார்க்கும் கைதான் நன்றாகக் கண்டுபிடிக்கும்.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஒளிர்சாயம் வந்தது. இன்று பெரும்பாலும் பயன்படுவது இண்டோசயனின் கிரீன், சுருக்கமாக ஐ.சி.ஜி. அறுவை நடக்கும்போதே மயக்க மருந்து நிபுணர் இதைக் கை நரம்பில் ஏற்றுவார். உடல் எடையில் கிலோவுக்கு கால் மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. இரத்தத்தில் இறங்கியதும் அது அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் இரத்தக் குழாயை விட்டு எளிதில் வெளியேறாது. ஏறத்தாழ 800 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை அதன்மேல் பாய்ச்சினால், 830 நானோமீட்டரை ஒட்டிய ஒளியைத் திருப்பி உமிழும். இரண்டுமே நம் கண்ணுக்குத் தெரியாத, சிவப்புக்கு அப்பாற்பட்ட ஒளி. சிறப்புக் கேமரா அதைப் பிடித்து, திரையில் பச்சை பூசிக் காட்டுகிறது. ஆகவே வயிற்றுக்குள் எதுவும் பச்சையாக இல்லை. திரையில் உள்ள பச்சை கணினி தேர்ந்தெடுத்த நிறம். சில கருவிகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் நீலமாகவும் மாறும்.

ஏன் இந்த அலைநீளம்? இருட்டறையில் கைபேசி டார்ச்சை எரியவிட்டு விரலால் மூடிப் பாருங்கள். விரல் சிவப்பாகத் தெரியும். நீலத்தையும் பச்சையையும் இரத்தம் விழுங்கிக்கொள்ள, சிவப்பு மட்டும் கடந்து வருகிறது. சிவப்பைத் தாண்டிய இந்த ஒளியையும் இரத்தமும் தண்ணீரும் குறைவாகவே விழுங்கும். அதனால் திசுவின் மேல்தோலைத் தாண்டிச் சில மில்லிமீட்டர் ஆழம் வரை பார்க்க முடிகிறது. ஆனால் அது சில மில்லிமீட்டர்தான், மேலே சொன்ன இரண்டு சென்டிமீட்டர் முடிச்சின் அடிவாரம் வரை எட்டாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஐ.சி.ஜி.க்கு எண்டோமெட்ரியோசிஸ் என்றால் என்னவென்றே தெரியாது. அது இரத்தம் போகும் இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். புதிதாக முளைக்கும் திட்டுகள் தம்மைச் சுற்றிப் புது இரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்கின்றன. அந்தக் குழாய்கள் கொஞ்சம் கசியவும் செய்யும். அதனால் சாயம் அங்கே கூடுதலாகச் சேர்ந்து, சுற்றுப்புறம் மங்கிய பிறகும் ஒளிர்ந்துகொண்டிருக்கும். ஊசி போட்ட சில நிமிடங்களிலிருந்து அரை மணி நேரத்துக்குள் அந்த வேறுபாட்டைப் பிடித்தாக வேண்டும். இரத்தத்தில் இந்தச் சாயத்தின் பாதி மூன்று நான்கு நிமிடங்களிலேயே ஈரலால் உறிஞ்சப்பட்டுவிடும்.

இதிலிருந்தே இரண்டு சிக்கல்களை நீங்களே ஊகிக்கலாம். இரத்தம் அதிகமாக ஓடும் எதுவும் ஒளிரும். அழற்சி, முந்தைய அறுவையின் தழும்பு ஆறிக்கொண்டிருக்கும் இடம், சாதாரண இரத்தக் குழாய் எல்லாமே திரையில் பச்சைதான். உங்கள் மகள் விஷயத்தில் ஏற்கெனவே எரித்த இடங்கள் உண்டு என்பதால் இது சும்மா ஏட்டுச் சந்தேகமல்ல. மறுபக்கம், ஆண்டுக்கணக்கில் ஊறித் தழும்பேறிய வெள்ளைத் திட்டுகளிலும் நார் மண்டிய ஆழமான முடிச்சுகளிலும் இரத்த ஓட்டம் குறைவு. அவை இருளிலேயே இருந்துவிடும். பெண்ணை அதிகம் வாட்டும் ஆழமான நோய்தான் சாயத்துக்கு அதிகம் தப்பும் நோயும் என்பது இந்த முறையின் பெரிய வருத்தம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2018இல் இத்தாலியின் ரோம் நகர மருத்துவர்கள் கிரே-எண்டோ என்ற பெயரில் ஒரு முன்னோடி ஆய்வை வெளியிட்டார்கள். வெள்ளை ஒளியில் தெரியாத சில திட்டுகளைச் சாயம் காட்டிக் கொடுத்ததாகவும், ஒளிர்ந்த இடங்களில் பெரும்பாலானவை பயாப்ஸியில் நோய் என்றே உறுதியானதாகவும் அதில் இருந்தது. எல்லோரும் உற்சாகமானார்கள். ஆனால் அதில் இருந்தது முப்பதுக்கும் குறைவான பெண்கள். பிறகு மற்ற நாடுகளில் செய்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சிலருக்குக் கூடுதலாகக் கிடைத்தது, சிலருக்கு அனுபவமுள்ள கண் கண்டதைத் தாண்டி அநேகமாக ஒன்றும் கிடைக்கவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். கூடுதலாக நாலு புள்ளி கிடைப்பது ஒரு செய்தி. அந்த நாலு புள்ளியை எடுத்ததால் வலி குறைந்ததா, நோய் திரும்புவது நின்றதா என்பது வேறு செய்தி. நோயாளிக்கு வேண்டியது இரண்டாவது. அது இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

நோய் திரும்புவதைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன், பயமுறுத்துவதற்காக அல்ல. அறுவைக்குப் பிறகு இரண்டு வருஷத்தில் சுமார் 21.5 சதவீதம், ஐந்து வருஷத்தில் 40 முதல் 50 சதவீதம் பேருக்குத் திரும்புவதாக 2009இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு மதிப்பிட்டது. அப்படியிருக்க 'மிச்சமில்லாமல்' என்று எந்தக் கேமராவை வைத்துக்கொண்டு யார் வாக்குக் கொடுத்தாலும் நான் நம்ப மாட்டேன். திரும்புவதைக் குறைப்பதில் நல்ல சான்று இருப்பது அறுவைக்குப் பிறகு தொடர்ந்து எடுக்கும் ஹார்மோன் சிகிச்சைக்குத்தான். டைனோஜெஸ்ட் மாத்திரை, கருத்தடை மாத்திரை, ஹார்மோன் சுரக்கும் லூப் என்று ஏதாவதொன்று. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. முதல் அறுவைக்குப் பிறகு மகளுக்கு மாத்திரை ஏதும் தந்தார்களா, தந்ததை அவள் இடையில் நிறுத்திவிட்டாளா என்று முதலில் பாருங்கள். இரண்டாவது அறுவையே தேவையில்லாமல் போகலாம்.

அறுவை வேண்டும் என்றே முடிவானால், புது மருத்துவரிடம் முதல் அறுவையின் வீடியோவையும் குறிப்பையும் பயாப்ஸி அறிக்கையையும் காட்டுங்கள். எரிப்பது வேறு, வேரோடு வெட்டி எடுப்பது வேறு. எது நடந்தது என்று அந்தக் குறிப்பில் இருக்கும். அறுவைக்கு முன்னரே நோய் எங்கெங்கே என்று வரைபடம் போடுகிற நல்ல ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ எடுக்கச் சொல்லுங்கள். இந்த நோயில் இது வரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள் என்று மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். கேமரா இருப்பது நல்லது. அதற்காக மட்டும் மருத்துவமனை மாற வேண்டாம்.

கடிதத்தின் கடைசியில் பென்சிலால் எழுதியிருந்ததையும் படித்தேன். கல்யாணம் செய்து ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது. கர்ப்பத்தின்போது சிலருக்கு வலி தணியும், அது சிகிச்சை அல்ல. வலியைத் தீர்க்க மாப்பிள்ளை பார்க்காதீர்கள்.

கேள்வி: என் மனைவிக்கு எம்.ஆர்.ஐ.யில் மலக்குடலில் ஒட்டிய முடிச்சு என்று வந்திருக்கிறது. குடலில் ஒரு துண்டை வெட்டி இணைக்க வேண்டி வரலாம், குடல் அறுவை நிபுணரும் கூட இருப்பார், ஐ.சி.ஜி. சாயமும் போடுவோம் என்றார்கள். நோயைக் கண்டுபிடிக்கத்தானே சாயம்? அதுதான் எம்.ஆர்.ஐ.யிலேயே தெரிந்துவிட்டதே, பிறகு எதற்கு?
வாசகர், சேலம்

பதில்: உங்கள் மருத்துவர்கள் சரியான காரணத்துக்காகத்தான் சாயத்தைக் கேட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், எண்டோமெட்ரியோசிஸில் ஐ.சி.ஜி.யின் உருப்படியான வேலை நோயைத் தேடுவது அல்ல, நல்ல உறுப்புகளைக் காப்பது. முந்தைய பதிலில் சாயம் இரத்தத்தை மட்டும்தான் காட்டும் என்று குறை சொன்னேன். குடல் அறுவையில் நமக்குத் தேவைப்படுவதே அதுதான்.

குடலில் வந்த முடிச்சைப் பல விதமாக எடுக்கலாம். மேலாகச் சீவி எடுப்பது ஒன்று, வட்டமாக ஒரு வில்லை மட்டும் வெட்டித் தைப்பது இன்னொன்று. பெரியதாக, நீளமாக இருந்தால் அந்தக் குடல் துண்டையே நீக்கிவிட்டு இரு முனைகளையும் இணைப்பார்கள். கடைசி வகையில் எல்லோரும் அஞ்சுவது ஒன்றுக்குத்தான். இணைத்த இடம் ஆறாமல் கசிந்துவிட்டால் மலம் வயிற்றுக்குள் பரவும். மறுபடி அறுவை, சில மாதம் வயிற்றில் பை என்று நிலைமை மாறிவிடும். இணைப்பு ஆற வேண்டுமென்றால் இரு முனைக்கும் நல்ல இரத்தம் வர வேண்டும். வெள்ளை ஒளியில் குடல் இளஞ்சிவப்பாக இருக்கிறதா, துடிக்கிறதா என்று பார்த்து முடிவு செய்வது காலகாலமாக இருக்கும் முறை. சாயத்தை ஏற்றினால் ஒரு நிமிடத்துக்குள் குடலில் பச்சை எந்த இடம் வரை பரவுகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று தெளிவாகத் தெரியும். நின்ற இடத்துக்கு முன்பாக, ஒளிரும் பக்கத்தில் வெட்டினால் போதும்.

இது கசிவை உண்மையிலேயே குறைக்கிறதா என்பதைப் பெரும்பாலும் மலக்குடல் புற்றுநோய் அறுவையில்தான் சோதித்திருக்கிறார்கள். அங்கேயும் தீர்ப்பு ஒருமுகமாக இல்லை. ஜப்பானில் 2023இல் வெளியான எசென்ஷியல் ஆய்வில், சாயம் பயன்படுத்தியவர்களில் 7.6 சதவீதம் பேருக்கும் பயன்படுத்தாதவர்களில் 11.8 சதவீதம் பேருக்கும் கசிவு ஏற்பட்டது. அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் வெளியான பில்லர்-3 ஆய்விலோ 9 சதவீதம், 9.6 சதவீதம் என்று வித்தியாசமே இல்லை. எண்டோமெட்ரியோசிஸ் நோயாளிகள் வயதில் இளையவர்கள், கதிர்வீச்சு சிகிச்சை பெறாதவர்கள் என்பதால் அந்தக் கணக்கை அப்படியே இங்கே பொருத்தவும் முடியாது. இருந்தாலும் பத்து நிமிடம்கூடப் பிடிக்காத, ஆபத்து மிகக் குறைந்த ஒரு சரிபார்ப்பு. என் வீட்டில் ஒருவருக்கு இந்த அறுவை என்றால் வேண்டும் என்றே சொல்வேன்.

உங்கள் மனைவிக்கு இன்னொரு பயனும் இருக்கலாம். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் யூரெட்டர் குழாய் 25 சென்டிமீட்டருக்கு மேல் நீளம், மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் தடிமன். கருப்பை வாயை ஒட்டி ஓரிரு சென்டிமீட்டர் தொலைவில் அது கடந்து போகிறது. நோய் அங்கே தழும்பு கட்டினால் குழாய் இடம் மாறி, தழும்புக்குள் மறைந்துவிடும். தவறி வெட்டுப்படுவது அப்படித்தான். சிஸ்டோஸ்கோப் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் போய், இரு குழாய்களுக்குள்ளும் ஐ.சி.ஜி.யைச் செலுத்தினால், அது உள்சுவரில் ஒட்டிக்கொண்டு அறுவை முழுக்க ஒளிரும். நரம்பில் ஏற்றினால் இது நடக்காது, ஏனென்றால் இந்தச் சாயம் சிறுநீரில் வெளியேறுவதே இல்லை. சிறுநீரகம் வழியாக வெளியேறி, நரம்பில் ஊசி போட்டாலே இந்தக் குழாயைக் காட்டும் புதிய சாயங்கள் சோதனைக் கட்டத்தில் இருக்கின்றன.

ஒன்று கேட்க மறக்காதீர்கள்: சிறுநீரகங்கள் இரண்டையும் ஸ்கேனில் பார்த்துவிட்டார்களா? இந்த நோய் யூரெட்டரை மெல்ல நெரித்து, ஒரு வலியும் காட்டாமல் ஒரு சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்வதுண்டு.

கேள்வி: எனக்கு 22 வயது. எண்டோமெட்ரியோசிஸ் இருக்குமோ என்று மருத்துவர் சந்தேகிக்கிறார். வயிற்றைத் துளைத்துப் பார்த்தால்தான் உறுதியாகும் என்று இணையத்தில் படித்தேன். இந்த ஒளிரும் கேமராவில் பார்த்துவிட்டே மாத்திரை தொடங்கலாமா மேடம்?
கல்லூரி மாணவி, சென்னை

பதில்: நீ படித்தது பழைய விதி. லேப்ராஸ்கோப்பிதான் கடைசி அத்தாட்சி என்றுதான் நாங்களும் படித்தோம். ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டி அதை மாற்றிவிட்டது. ஸ்கேனில் ஒன்றும் தெரியாதவர்களுக்கும், மாத்திரையில் வலி அடங்காதவர்களுக்கும், மாத்திரை பொருந்தாதவர்களுக்கும் மட்டும் லேப்ராஸ்கோப்பி போதும் என்கிறது. நல்ல ஸ்கேன், பொறுமையாகக் கேட்டு எழுதிய வலி வரலாறு, பிறகு மாத்திரை. கேமரா எவ்வளவு நவீனமாக இருந்தாலும் அதை உள்ளே விட மயக்க மருந்தும் துளையும் வேண்டுமே. வேடிக்கை பார்க்க வயிற்றைத் திறக்க வேண்டாம்.

கேள்வி: இரண்டு சினைப்பையிலும் சாக்லேட் கட்டி. குழந்தைக்காக சிகிச்சை எடுக்கிறோம். கட்டியை எடுத்தால் கருமுட்டை குறைந்துவிடும் என்கிறார் ஒருவர். ஒளிர்சாயத்தோடு எடுத்தால் குறையாது என்கிறார் இன்னொருவர்.
வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலாமவர் சொன்னது சரி. எண்டோமெட்ரியோசிஸால் சினைப்பையில் வரும் இந்தக் கட்டியின் தோலை உரித்தெடுக்கும்போது அதோடு ஒட்டிய நல்ல சினைப்பைத் திசுவும் கொஞ்சம் வந்துவிடும், இரத்தக் கசிவை நிறுத்தச் சுடுவதிலும் கொஞ்சம் கருகும். அறுவைக்குப் பின், கருமுட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். அளவு இறங்குவது பல ஆய்வுகளில் கண்டது, இரு பக்கமும் கட்டி என்றால் இன்னும் கூடுதலாக. சாயம் சினைப்பைக்கு இரத்தம் வருகிறதா என்று காட்டும். உரிக்கிற கையின் அழுத்தத்தையும் சுடுகிற கருவியின் சூட்டையும் அது குறைக்காது. ஐ.வி.எஃப். செய்யப் போகிறீர்கள் என்றால், குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் கூட்டுவதற்காக மட்டும் முன்கூட்டியே கட்டியை எடுப்பதை மேலே சொன்ன அதே 2022 வழிகாட்டி வழக்கமாகப் பரிந்துரைக்கவில்லை. ஏ.எம்.எச். பார்க்காமல் மேசையில் ஏறாதீர்கள். கருமுட்டையை முன்கூட்டிச் சேமித்து வைப்பது பற்றியும் கேளுங்கள்.

கேள்வி: இந்தச் சாயம் புதிய கண்டுபிடிப்பா? நோயை மட்டுமே தேடிப் பிடித்து ஒளிரும் சாயம் ஒன்று வரவே வராதா?
உயிரியல் ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: சாயத்துக்கு வயது உங்களையும் என்னையும்விட அதிகம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கோடாக் நிறுவனத்தின் புகைப்பட ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இதயத்தின் இரத்த ஓட்டத்தை அளக்கப் பயன்படுத்திப் பார்த்தார்கள். 1959இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. பிறகு ஈரலின் திறனைச் சோதிக்க, கண்ணின் உட்படலத்திலுள்ள இரத்தக் குழாய்களைப் படமெடுக்க என்று பயன் விரிந்தது. கண் மருத்துவமனையில் விழித்திரைப் பரிசோதனைக்குப் போன உங்கள் உறவினர் எவருக்காவது இதை ஏற்றியிருக்கக்கூடும். புதிதாக வந்தது சாயம் அல்ல, அதன் ஒளியைப் பிடிக்கும் சிறிய கேமராவும் அதை உள்ளடக்கிய அறுவை ரோபோக்களும். மகளிர் அறுவை மருத்துவர்களான எங்களுக்கு இது நன்கு பழகியது கருப்பைப் புற்றுநோயில். நோய் முதலில் பரவும் நிணநீர் முடிச்சை இந்தச் சாயத்தால் கண்டுபிடிப்பதை 2017இல் வெளியான ஃபயர்ஸ் ஆய்வு நிலைநாட்டியது. அங்கே கை பழகியவர்கள்தான் பிறகு எண்டோமெட்ரியோசிஸ் பக்கம் கேமராவைத் திருப்பினார்கள்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் துறையே கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. ஐ.சி.ஜி.க்கு முன்பே ஒன்றை முயன்று பார்த்தார்கள். 5-அமினோலெவுலினிக் அமிலம் என்பதைக் குடிக்கக் கொடுத்தால், சுறுசுறுப்பாகப் பெருகும் செல்களுக்குள் அது புரோட்டோபார்ஃபிரின் என்ற பொருளாக மாறித் தேங்கும். நீல ஊதா ஒளியில் அது சிவப்பாக ஒளிரும். இரத்தத்தைக் காட்டாமல் செல்லின் செயலைக் காட்டுவது என்பதால் இது ஒரு படி மேல். மூளைக் கட்டி அறுவையில் இது வெற்றி பெற்று, அமெரிக்காவில் 2017இல் அனுமதியும் பெற்றது. எண்டோமெட்ரியோசிஸிலும் 2000ஆம் ஆண்டையொட்டி ஜெர்மானிய மருத்துவர்கள் செய்து பார்த்தார்கள், நிறமில்லாத திட்டுகள்கூடத் தெரிந்தன. ஆனால் நோயாளி அறுவைக்கு முன்னும் பின்னும் வெயிலும் பலத்த வெளிச்சமும் படாமல் இருக்க வேண்டும். நீல ஒளி மேற்பரப்பைத் தாண்டாது. அன்றாடப் பழக்கத்துக்கு அது வரவில்லை.

சாயமே இல்லாத வழியும் உண்டு. 415, 540 நானோமீட்டர் ஆகிய இரு குறுகிய அலைநீளப் பட்டைகளை மட்டும் பாய்ச்சினால் இரத்தக் குழாய்கள் கரும்பழுப்பாகத் துலங்கும். குடல் எண்டோஸ்கோப்பியில் ஏற்கெனவே புழங்கும் உத்தி. ஊசி வேண்டாம், அலர்ஜி பயம் வேண்டாம். ஆனால் இதுவும் இரத்தத்தைத்தான் காட்டுகிறது.

குறிபார்த்துப் போகும் சாயம் புற்றுநோயில் வந்துவிட்டது. ஃபோலேட் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொள்ளும் பஃபோலாசயனின் என்ற சாயத்துக்கு, சினைப்பைப் புற்றுநோய் அறுவைக்காக 2021 நவம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது. எண்டோமெட்ரியோசிஸில் இதைச் செய்வது ஏன் கடினம் என்றால், புற்றுநோய் செல் தன் உடலிலிருந்து பல விதத்தில் விலகிப் போன ஒன்று. இந்தத் திட்டோ கருப்பையின் சொந்தச் சவ்வைப் போன்றதே. இடம்தான் தவறு, ஆள் தவறில்லை. ஆள் அடையாளம் வைத்துத் தேடும் சாயம் திணறத்தானே செய்யும்? அமெரிக்காவின் ஓரிகன் மாநில ஆய்வாளர்கள், திட்டுகளில் தங்கி ஒளிரவும், ஒளியைப் பாய்ச்சினால் சூடேறி அதே திட்டை அழிக்கவும் வல்ல நானோ துகள்களைச் செய்திருக்கிறார்கள். குரங்கின் எண்டோமெட்ரியோசிஸ் திசுவை எலிக்குள் வைத்துச் சோதித்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். எலியிலிருந்து பெண்ணுக்கு வர இன்னும் வெகுதூரம். அதுவரை 'இது நோய்தான்' என்று சொல்லும் உரிமை நோய்க்குறியியல் நிபுணரின் நுண்ணோக்கிக்குத்தான். ஒளிர்ந்தது, எடுத்தோம் என்பதோடு நிறுத்தாமல், எடுத்ததையெல்லாம் பயாப்ஸிக்கு அனுப்புகிற மருத்துவரை நம்புங்கள்.

கேள்வி: எனக்கு இறால், நண்டு சாப்பிட்டால் தடிப்பு வரும். அயோடின் கலந்த சாயம் என்கிறார்கள், பயமாக இருக்கிறது. என் தோழிக்குக் குழந்தையின்மைக்காக லேப்ராஸ்கோப்பி செய்தபோது மறுநாள் சிறுநீர் நீலப் பச்சையாகப் போனதாம். அது இந்தச் சாயம்தானா?
வாசகி, நாகர்கோவில்

பதில்: தோழிக்குப் போட்டது பெரும்பாலும் மெத்திலீன் நீலம். சினைக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கக் கருப்பை வாய் வழியாக அதைச் செலுத்துவார்கள். அதில் கொஞ்சம் உடலில் ஏறிச் சிறுநீரில் வெளியேறும், ஓரிரு நாளில் நிறம் போய்விடும். ஐ.சி.ஜி. ஈரலுக்குப் போய், பித்தத்தோடு குடலில் இறங்கி வெளியேறிவிடும். சிறுநீர் நிறம் மாறாது.

இறால் அலர்ஜிக்குக் காரணம் அதிலுள்ள ஒரு புரதம், அயோடின் அல்ல. அதனால் ஐ.சி.ஜி.யை மறுக்க வேண்டியதில்லை. அயோடின் சேர்ந்த மருந்தோ ஸ்கேன் ஊசியோ போட்டு உடம்பு வீங்கியது, மூச்சு திணறியது என்று முன் அனுபவம் இருந்தால் அது வேறு. அதைக் கட்டாயம் மயக்க மருந்து நிபுணரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கடுமையான எதிர்வினை மிக அரிது, ஆனாலும் உண்டு. சாயம் ஏறிய சில நொடிகளுக்கு விரலில் மாட்டிய ஆக்சிஜன் மீட்டர் பொய்யாகக் குறைத்துக் காட்டும். அது கருவியின் குழப்பம், உங்கள் மூச்சில் கோளாறு இல்லை. மயக்க மருந்து நிபுணருக்கு இது தெரியும்.

தைராய்டு கோளாறு இருப்பதாகவும் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். சாயத்தில் சோடியம் அயோடைடு இருப்பதால், கதிரியக்க அயோடினை வைத்துச் செய்யும் தைராய்டு பரிசோதனை ஏதாவது வரவிருந்தால் அறுவைக்குப் பிறகு ஒரு வாரமாவது தள்ளிப் போடச் சொல்லுங்கள். டி.எஸ்.எச். பார்க்கும் சாதாரண இரத்தப் பரிசோதனைக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. தைராய்டு மாத்திரையை வழக்கம்போல் காலையில் போடலாமா என்பதை மட்டும் அறுவைக்கு முந்தின நாள் கேட்டுக்கொள்ளுங்கள்.